பெயின்ட் வேலை பழக வருகிறவர்கள் விடுகிற பிழைகள்

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் ஒரு புது வீட்டு வேலைக்கு, பழக வந்த இரண்டு பொடியன்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சுவரைத் தொட்டும் பார்க்காமல் ரோலரைத் தூக்கினார்கள். அவர்கள் வயதில் நானும் அதைத்தான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன். தரைக்குத் துணி விரிக்காதது, பிரஷ் கழுவாதது எல்லாம் இரண்டு நாள் ஏச்சு வாங்கினால் சரிவரும்.

காயாத சுவர்

இன்னும் எனக்குக் கோபம் வருகிற பிழை இது. புதுச் சீமெந்துப் பூச்சு வெளியே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். நான் பழகத் தொடங்கி மூன்றாம் வருடம், ஐப்பசி மழை நேரம், குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று என்று வீட்டுக்காரர் நெருக்க, பூசி இரண்டு கிழமைகூட ஆகாத சுவருக்கு இரண்டு கோட் அடித்துக் கொடுத்துவிட்டேன். தை பிறக்கமுதல் ஜன்னலுக்குக் கீழே கொப்புளம். நகத்தால் கிள்ளினால் தாள் மாதிரி உரிந்து வந்தது, பின்னால் மா மாதிரி வெள்ளை உப்பு. சுரண்டி, காயவிட்டு, திரும்ப அடித்து முடிக்கப் பதினொரு நாள் கூலி போனது, பெயின்ட் காசும் என்னுடையதுதான்.

சீமெந்தில் காரம் இருக்கிறது. ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து பெயின்டைத் தள்ளிவிடும். குறைந்தது 28 நாள் விட வேண்டும், மாரியில், அதுவும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில், அதைவிடக் கூடவும் எடுக்கும். சந்தேகமென்றால் ஒரு முழப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் வாளியைத் திறக்கவே வேண்டாம். "இப்ப அடிச்சா கழண்டு வரும், அண்ணே" என்று வீட்டுக்காரரிடம் நேரே சொல்லுங்கள். காய்ந்த பிறகு காரம் தாங்குகிற பிரைமர், அப்புறம்தான் மேல் கோட்.

பில்லர் (சுவரில் ஓட்டை, வெடிப்பு நிரப்புகிற பசை) தேய்க்கும்போது மாஸ்க்

போடுங்கள். சின்ன அறை என்றாலும்.

கையில் கடதாசி இல்லாமல் இருப்பது

பத்து வருடம் பெயின்ட் அடித்தவர்களும் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது என்விக்யூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் கேட்டால் முழிக்கிறார்கள். பாஸிடம் பழகியவர்கள் வகுப்புக்குப் போகாமலே, முன்கற்றல் மதிப்பீட்டில் கைவேலையைச் செய்துகாட்டி அதை எடுக்கலாம், நைட்டாவில் (தொழிற் பயிற்சிக்கான அரச சபை) விசாரியுங்கள். அதற்கு நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கமுதலும் முடிந்த பிறகும் போனில் படம் எடுத்து வையுங்கள். பாஸிடம் கடிதம் வாங்கும்போது, எந்தத் திகதியிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.