காம்போ ரவுட்டர் கிட் வாங்கும் முன்

ரவுட்டர் என்பது சுழலும் பிட்டால் (வெட்டும் அலகு) மரத்தில் காடி, பள்ளம் எடுக்கவும் ஓரம் சீவவும் உதவும் மெஷின். காம்போ கிட் பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு மோட்டார், அதை மாற்றி மாற்றிப் பொருத்த இரண்டு பேஸ் (அடிப்பகுதி). பிக்சட் பேஸில் ஆழத்தை வைத்துப் பூட்டிவிட்டால் அப்படியே நிற்கும். பிளஞ்ச் பேஸில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியை அழுத்தி பிட்டை மரத்துக்குள் இறக்கலாம், விட்டால் மேலே வந்துவிடும். "ரெண்டு மெஷினு சார், ஒரு விலைதான்" என்று கடையில் சொல்வார்கள். ஆனால் மோட்டாரை ரவுட்டர் டேபிளுக்கு அடியில் தலைகீழாக மாட்டியிருக்கும்போது கையில் இருக்கிற பேஸ் வெறும் அலுமினியம். தினமும் டேபிளிலும் கையிலும் மாறி மாறி வேலை இருக்கிறவர்கள் காம்போ பக்கமே போகாமல், தனித்தனியாக இரண்டு மெஷின் வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

எனக்குப் பட்டறை காவேரிப்பட்டணம் பக்கம். நிலவு (கதவு நிலை), கதவு, ஜன்னல் எல்லாம் இங்கே. பிளைவுட், மைக்கா வேலை பெரும்பாலும் ஓசூர் அபார்ட்மெண்டுகளில். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே கிட் ஒத்துவராது. எது வாங்கலாம் என்று கேட்டு வருகிற பையன்களிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் தண்டு பிட்டு மாட்டப் போற?"

மெஷினைத் தீர்மானிப்பது பிட்டின் தண்டைப் பிடிக்கும் காலெட்தான், வாட்ஸ் அப்புறம். சின்ன கிட்டுகள் 6 மி.மீ., கால் இஞ்ச், 8 மி.மீ. தண்டு வரை பிடிக்கும். பெரியவை அரை இஞ்ச் அல்லது 12 மி.மீ. வரை போகும். ஓரத்தை உருட்டுவது, மைக்கா ட்ரிம் செய்வது, கீலுக்குப் பள்ளம் எடுப்பது, அலமாரியின் பின்பலகைக்குக் காடி இழுப்பது எல்லாம் சின்னத் தண்டிலேயே நடக்கும். கதவுப் பலகையின் ஓரத்தைச் சரித்துச் சீவும் பேனல் பிட், கனமான மோல்டிங் பிட், ஆழமான காடிக்கு நீள பிட் இவையெல்லாம் நாலு நூல் (அரை இஞ்ச்) தண்டில்தான் பத்திரமாக நிற்கும். இரண்டு நூல் (கால் இஞ்ச்) தண்டில் அந்தச் சுமையை ஏற்றினால் தண்டு அதிரும், வெட்டு அலை அலையாக வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ., அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. நம் பக்கக் கடைகளில் 6 மி.மீ. பிட்டும் கால் இஞ்ச் பிட்டும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். 6 மி.மீ. தண்டைக் கால் இஞ்ச் காலெட்டில் போட்டால் முறுக்கும்போது பிடித்த மாதிரியே இருக்கும். ஓடும்போது மெல்ல நழுவி ஆழம் கூடிக்கொண்டே போகும், இல்லையென்றால் பிட் கழன்று வரும். கிட்டில் எந்தெந்த காலெட் வருகிறது, மற்ற அளவு தனியாகக் கிடைக்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு அளவைப் பிடித்துக்கொண்டு எல்லா பிட்டையும் அதிலேயே வாங்குவது உத்தமம்.

அடுத்தது வேகம். பெரிய பிட்டை மெதுவாகத்தான் சுழற்ற வேண்டும். 25 மி.மீ. விட்டம் வரை நிமிடத்துக்கு 22,000, 24,000 சுற்று பரவாயில்லை. 50 மி.மீ. நெருங்கும்போது 16,000-க்கு இறக்க வேண்டும். அதற்கு மேல் போனால் 12,000 பக்கம். 60 மி.மீ. பேனல் பிட்டை 24,000 சுற்றில் விட்டால் அதன் வெளிமுனை மணிக்குச் சுமார் 270 கி.மீ. வேகத்தில் போகும். அது கையைத் தொட வேண்டும் என்பதில்லை, மரத்தை உதறினாலே போதும். ஆகவே மிகக் குறைந்த வேகம் என்ன என்று பாருங்கள். பெட்டியில் பெரிதாகப் போடும் அதிகபட்ச வேகம் நமக்கு அவ்வளவு முக்கியமில்லை.

பெயர் சொல்லியே பார்க்கலாம். மக்கீட்டாவின் ஆர்டி 0700 சி 710 வாட்ஸ், 10,000 முதல் 30,000 சுற்று. இதற்கு பிளஞ்ச் பேஸும் சாய்க்கிற பேஸும் சேர்த்து வரும் கிட் உண்டு. டிவால்ட் டி 26204 கே 900 வாட்ஸ், 8 மி.மீ. காலெட், 16,000-லிருந்து 27,000 வரை. இரண்டும் ஒரு கையிலேயே பிடிக்கிற அளவுதான். ஓசூர் வேலைக்கு நான் சொல்வது இந்த ரகத்தை. மூன்றாவது மாடி வரை கருவிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு எடையின் அருமை தெரியும். பெரிய ரகத்தில் பாஷ் ஜிஎம்எஃப் 1600 சிஇ 1,600 வாட்ஸ், 10,000 முதல் 25,000 சுற்று. கதவு வேலைக்கும் டேபிளுக்கும் இதுதான் அளவு.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் கொண்டாடும் பாஷ் 1617, டிவால்ட் 618 இரண்டும் நல்ல கிட்டுகள்தான். ஆனால் அவை 120 வோல்ட் மெஷின். பெங்களூரில் ஐடியில் இருக்கிற அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வருகிறார் என்று சந்தோஷப்படாதீர்கள். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் மோட்டார் போய்விடும். இல்லையென்றால் கனமான டிரான்ஸ்ஃபார்மரை வேலை நடக்கும் இடத்துக்கெல்லாம் சுமக்க வேண்டும். காலெட், கார்பன் பிரஷ், ஸ்விட்ச் எதற்கும் இங்கே சர்வீஸ் கேட்க முடியாது. அந்தப் பெட்டிகளில் 2¼ குதிரைத்திறன் என்று போட்டிருப்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு திறனுக்கு 1,678 வாட்ஸ் வெளியே வர வேண்டும். 12 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் உள்ளே போவதே 1,440 வாட்ஸ்தான். இப்படிப் போடும் குதிரைத்திறன் எண் பெரும்பாலும் உச்சக் கணக்கு. ஒப்பிடுவதாக இருந்தால் வாட்ஸை வைத்து ஒப்பிடுங்கள்.

1,600 வாட்ஸ் மெஷின் 7 ஆம்பியர் இழுக்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக்கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரும் தடிமனாக இருக்கட்டும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊரில் மெல்லிய ஒயரைப் போட்டு நீளமாக இழுத்தால், சுமை ஏறியதும் மெஷின் முனகும்.

இப்போது பிளஞ்ச் பேஸ். கிட்டுக்குக் கிட்டு வித்தியாசம் தெரிவது இங்கேதான், கடைக்காரர் காட்டாமல் விடுவதும் இதைத்தான். மோட்டாரைப் பொருத்தச் சொல்லுங்கள். மேஜைமேல் வைத்து இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அழுத்துங்கள், நெய்யாக இறங்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். கொஞ்சம் முரண்டு பிடிப்பது சகஜம். நடுவில் மாட்டிக்கொண்டு கிறீச்சிட்டு நின்றால் வேண்டாம், ஏனென்றால் மரத்தின் ஓரத்தில் வேலை செய்யும்போது இரண்டு கையும் சரிசமமாக அழுத்தாது. இறக்கிப் பூட்டி, மெஷினைக் கைப்பிடியில் அசைத்துப் பாருங்கள். பூட்டிய பிறகும் ஆடினால் பள்ளத்தின் சுவர் நேராக வராது. ஆழக் கம்பி வந்து உட்காரும் படிக்கட்டு நிறுத்தம் (படிப்படியான உயரங்கள் உள்ள சுழலும் தட்டு) விரலுக்குக் கட்டியாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். ஒரே அடியில் பள்ளம் எடுக்க முடியாது, 12 மி.மீ. பிட்டில் ஒரு தடவைக்கு 6 மி.மீ. போதும். அந்தப் படிக்கட்டுதான் ஒவ்வொரு அடியையும் அளக்கும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கதவுக்குள் புதைக்கிற பூட்டுக்கு முழு ஆழமும் பிளஞ்ச் ரவுட்டரிலேயே எடுத்துவிடலாம் என்பார்கள். சாதாரண பிட் அவ்வளவு ஆழம் எட்டாது. வாயை மட்டும் ரவுட்டரில் சுத்தமாகத் திறந்து, மீதியை டிரில், உளி, கொட்டாப்புளி வைத்து முடிப்பதுதான் நடைமுறை.

ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தனி பிளஞ்ச் ரவுட்டர் பலவற்றில் அது கைப்பிடி அருகிலேயே இருக்கும். காம்போவில் பெரும்பாலும் மோட்டார் உடம்பில் இருக்கும், நிறுத்த ஒரு கையை எடுத்தாக வேண்டும். டேபிளுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும்போது அது எட்டுமா என்று கற்பனை செய்து பாருங்கள். டேபிள் வைக்கும் எண்ணம் இருந்தால், பிக்சட் பேஸின் உயரத்தை மேலிருந்தே சாவி போட்டு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அது இல்லாத கிட்டில் ஒவ்வொரு தடவையும் குனிந்து குனிந்து இடுப்பு போகும்.

பேஸ் மாற்றுவதைக் கடையிலேயே நீங்களே ஒருமுறை செய்யுங்கள். புதிதில் எல்லாமே வழுக்கிக்கொண்டு போகும். தேக்குத் தூள் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்ட பிறகு, இடைவெளி குறைவான கிளாம்பில் மோட்டார் சிக்கும். அதனால் முழுக்கத் திறந்து துடைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு சோதனை. நேரான சட்டம் ஒன்றைப் பலகையில் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி 6 மி.மீ. பிட்டால் லேசாக ஒரு கோடு இழுங்கள். மெஷினைக் கால் சுற்று திருப்பி, பேஸின் வேறு பக்கம் சட்டத்தைத் தொடும்படி வைத்து அதே இடத்தில் மறுபடி இழுங்கள். வட்டமான பேஸாக இருந்தால் கோடு அதே அகலத்தில் நிற்க வேண்டும். அகலம் கூடினால் அடித்தட்டு மையத்தில் இல்லை. திருகைத் தளர்த்தி நகர்த்திச் சரிசெய்ய இடம் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். டெம்ப்ளேட் வைத்துக் கீல் பள்ளம் எடுப்பவர்களுக்கு இது உயிர்நாடி. டெம்ப்ளேட்டை ஒட்டி ஓட பிட்டைச் சுற்றி பேஸில் மாட்டும் வளையமான கைடு புஷ்ஷின் வெளிவிட்டம் 16, பிட் 12 என்றால் டெம்ப்ளேட்டுக்கும் வெட்டுக்கும் இடையே சுற்றிலும் 2 மி.மீ. விட வேண்டும் என்பது கணக்கு. மையம் தவறினால் ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் மூன்றாகவும் வந்து நிற்கும்.

தூசி உறிஞ்சும் குழாய் இரண்டு பேஸுக்கும் வருகிறதா என்று பாருங்கள். சில கிட்டில் ஒன்றுக்குத்தான் வரும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கிற ஓசூர் பையன்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். என்95 முகமூடி ஒன்று ஒரு பிட் விலைகூட வராது.

சரி, எது வாங்குவது? மைக்கா ட்ரிம் மட்டும்தான் வேலை என்றால் கிட் வேண்டவே வேண்டாம், ஓரம் வெட்டும் சின்ன ரவுட்டரான ட்ரிம்மர் ஒன்று தனியாகப் போதும். பிளைவுட், கீல், காடி, அவ்வப்போது சமையலறை மேடைப் பலகை என்றால் சின்ன காம்போ. வேம்பு, வேங்கை, தேக்கில் கதவு செய்து, வாரத்தில் சில நாள் டேபிளிலும் ஓட்டுவீர்கள் என்றால் பெரிய காம்போ. வேம்பும் வேங்கையும் இழை பின்னியிருக்கும் மரங்கள், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாலும் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே கனமான மெஷின் அதிராமல் நிற்பது தெரியும். பூஜை அறைக் கதவில் கொடி, மயில் எல்லாம் செதுக்கத்தான் என்றால் கிட் வாங்காமல் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் செதுக்கு மெஷின்) கடையில் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நேரம் மிச்சம்.

கிட்டில் இலவசமாக வரும் பிட் செட்டை நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். தேக்கில் இருக்கும் சிலிக்கா முனையைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், கார்பைடு முனை இல்லாத பிட் அதற்கு ஆகாது. அந்தப் பணத்தில் நேர் பிட் ஒன்று, பேரிங் வைத்த ட்ரிம் பிட் ஒன்று, கார்னர் ரவுண்டு ஒன்று தரமாக வாங்குங்கள். கூடவே ஒரு காலெட் நட்டும் ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷும். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், வாரண்டிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.