அடக்கி வாசிக்க ஓர் அட்டெனுவேட்டர்: டியூப் ஆம்ப் வைத்திருக்கும் புதியவர்களுக்கு

கிட்டார் ஒலியைப் பெருக்கும் டியூப் ஆம்ப் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் ஒரு சங்கடம் புரிந்துவிடும். வால்யூம் குமிழை 2இல் வைத்தால் ஒலி சோகை பிடித்ததுபோல் இருக்கிறது. 6இல் வைத்தால் கிட்டார் பாடுகிறது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

தாத்தா காலத்து ரேடியோவில் வால்வு என்று சொன்னார்களே, அதே கண்ணாடிக் குழாய்தான் இந்த டியூப். ஆம்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெரிய டியூப்கள் தம் திறனின் எல்லையை நெருங்கும்போதுதான் அந்தக் கொழுத்த ஒலி பிறக்கிறது. அட்டெனுவேட்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து, வெளிவரும் மின்திறனில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. அமெரிக்க ராக் குழு பாஸ்டனின் கிட்டார் கலைஞரும் பொறியாளருமான டாம் ஷோல்ஸ் 1980 வாக்கில் பவர் சோக் என்ற பெயரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று சந்தையில் பல வகைகள் கிடைக்கின்றன, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்பை எடுத்துக்கொள்கிறேன். 22 வாட், இரண்டு 6வி6 டியூப்கள், மின்தடை 8 ஓம் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழ் கிடையாது.

முதல் படி: உண்மையிலேயே தேவையா?

உங்கள் ஆம்பில் கெயின், மாஸ்டர் என்று இரண்டு குமிழ்கள் இருந்தால், மாஸ்டரைக் குறைத்து கெயினைக் கூட்டிப் பாருங்கள். கிடைக்கும் டிஸ்டார்ஷன் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம். உங்கள் ஒலி பெரிய டியூப்களுக்கு முந்தைய கட்டத்திலேயே உருவாகிறது என்று பொருள். அட்டெனுவேட்டர் அதில் பெரிதாக எதையும் கூட்டாது. நவீன மெட்டல் வாசிப்பவர்களில் பலர் இந்த வகை. டீலக்ஸ் ரிவர்ப், பழைய மார்ஷல் சூப்பர் லீட் போன்று மாஸ்டர் இல்லாத ஆம்ப்களை முறுக்கி வாசிக்க விரும்புபவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி.

இரண்டாம் படி: எத்தனை டெசிபல்?

கடைக்குப் போகும் முன் காகிதத்தில் போடவேண்டிய கணக்கு இது. பெரும்பாலானவர்கள் போடுவதில்லை.

மின்திறன் பாதியானால் ஒலி 3 டெசிபல்தான் குறையும். அதனால்தான் 100 வாட் ஆம்பை விற்று 50 வாட் வாங்கியவருக்கு வீட்டில் ஒரு நிம்மதியும் கிடைப்பதில்லை. பத்தில் ஒரு பங்கானால் 10 டெசிபல் குறையும். காதுக்கு அது ஏறத்தாழப் பாதிச் சத்தமாகப் படும்.

கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகவும் திறமையானவை. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை எழுப்பும். 22 வாட் என்றால் சுமார் 110 டெசிபல், அதற்கு மேலும் போகலாம். அடுக்குமாடி வீட்டில் பகலில் வாசிக்க 80 டெசிபல் போதும் என்று வைத்துக்கொண்டால், 30 டெசிபல் குறைக்கவேண்டும். அதாவது 22 வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 22 மில்லிவாட் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகவேண்டும்.

இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டூ நோட்ஸ் கேப்டர் போன்ற பெட்டி ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை 20 டெசிபல் குறைக்கிறது. சிறு மேடைக்கு அது தாராளம். படுக்கையறையில் அப்போதும் 90 டெசிபல் மிஞ்சும்.

மூன்றாம் படி: ஓம் பொருத்தம்

இதில் பேரம் கிடையாது. ஆம்பின் ஸ்பீக்கர் துளையில் எழுதியிருக்கும் ஓம் மதிப்பும், அட்டெனுவேட்டரின் உள்ளீட்டு ஓம் மதிப்பும், ஸ்பீக்கரின் ஓம் மதிப்பும் ஒத்துப்போகவேண்டும். டீலக்ஸ் ரிவர்புக்கு 8 ஓம் பெட்டி. 4, 8, 16 என்று மாற்றிக்கொள்ளும் விசை சில பெட்டிகளில் உண்டு. சிலவற்றை ஒரே மதிப்புக்கென்றே செய்து விற்கிறார்கள். நான் முதலில் வாங்கிய பழைய பெட்டி விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் 16 ஓம். ஆறு மாதம் புத்தக அலமாரியில் தாங்கியாக இருந்தது.

நான்காம் படி: வாட் தாங்குதிறன்

22 வாட் ஆம்ப் என்பது சுத்தமான ஒலிக்குச் சொல்லும் கணக்கு. முழுக்க முறுக்கினால் அலையின் தலை தட்டையாகி, திறன் அதற்கு மேலே போகும். இரு மடங்கை நெருங்கவும் கூடும். எனவே ஆம்பின் வாட் எண்ணைப்போல் இரு மடங்கு தாங்கும் பெட்டியாக வாங்குங்கள்.

ஐந்தாம் படி: எந்த வகை?

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதிக்கும் 8 ஓமாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த மதிப்பு பல மடங்கு எகிறும். பிறகு இறங்கி, மேல் சுருதிகளில் மறுபடி ஏறும். டியூப் ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நடந்துகொள்கிறது. அடியொலியின் முழக்கமும் மேலொலியின் மினுக்கும் ஓரளவு அங்கிருந்துதான் வருகின்றன.

வெறும் மின்தடைகளால் ஆன எளிய பெட்டிக்கு இந்த மேடுபள்ளம் தெரியாது. எல்லாச் சுருதிக்கும் ஒரே முகம்தான் காட்டும். 6, 8 டெசிபல் குறைக்கும் வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதற்குப் பிறகு ஒலிமேல் போர்வை போட்டதுபோல் இருக்கும். மலிவானது, எளிதில் பழுதாகாது. ஒத்திகை அறைக்கும் சிறு மேடைக்கும் இது போதும் என்பது என் கருத்து.

சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ரியாக்டிவ் வகை, ஸ்பீக்கரின் அந்த மேடுபள்ளத்தைப் போலி செய்து காட்டும். ஆம்ப் ஏமாந்துபோகிறது, விரலுக்கு அடியில் கிடைக்கும் உணர்வும் பெரும்பாலும் தப்பிப்பிழைக்கிறது. யுனிவர்சல் ஆடியோ ஆக்ஸ் இந்த வகை. இதிலிருந்து ஹெட்ஃபோனுக்கும் பதிவுக்கும் நேரடியாக ஒலி எடுக்கலாம். இரவில் வாசிப்பவர்களுக்கு உண்மையான தீர்வு அதுதான்.

மூன்றாவது வகை, ஆம்பின் முழுத் திறனையும் விழுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் இன்னொரு ஆம்பால் ஒலியை மறுபடி வேண்டிய அளவுக்குப் பெருக்கித் தரும். ஃப்ரையெட் பவர் ஸ்டேஷன், பாஸ் வாசா டியூப் ஆம்ப் எக்ஸ்பாண்டர் ஆகியவை அப்படி. 30 டெசிபல் என்ன, 40 டெசிபல்கூடத் தடையின்றி இறக்கலாம். விலையைப் பார்த்தால் இன்னொரு சிறிய ஆம்பே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தப்பில்லை, அதையும் யோசியுங்கள்.

ஆறாம் படி: இணைப்பது

ஆம்பை முழுவதுமாக அணையுங்கள். பின்புறம் ஸ்பீக்கர் என்று எழுதிய துளையிலிருந்து வயரை உருவி, அட்டெனுவேட்டரின் வெளியீட்டில் செருகுங்கள். ஆம்பின் அந்தத் துளையிலிருந்து அட்டெனுவேட்டரின் உள்ளீட்டுக்கு இன்னொரு வயர். இரண்டும் ஸ்பீக்கர் வயர்களாக இருக்கவேண்டும். முனை ஒன்றுபோல் இருப்பதால் கிட்டார் வயரைச் செருகிவிடும் ஆசை வரும்; உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. வயர் அறுந்தால் ஆம்ப் சுமையில்லாமல் ஓடும். அப்படி ஓடினால் டியூப்களையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். மாற்ற ஆகும் செலவில் பாதி ஆம்ப் வாங்கிவிடலாம்.

பெட்டி சூடாகும், அது இயல்பு. கம்பளத்தின் மேலும் ஆம்பின் காற்றுத் துளைகளின் மேலும் வைக்காதீர்கள்.

ஏழாம் படி: முதல் இரவு

அட்டெனுவேட்டரை மிகக் குறைந்த ஒலியில் வைத்துவிட்டு, ஆம்பைப் பிடித்த இடம் வரை ஏற்றுங்கள். ஒலி கொஞ்சம் மெலிந்திருப்பதாகத் தோன்றும். பெட்டியை உடனே திட்டாதீர்கள். சத்தம் குறையும்போது அடியொலியையும் மேலொலியையும் நம் காது குறைவாகவே வாங்கும். 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதோடு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு இப்போது கொஞ்சம்தான் அசைகிறது. அது சேர்க்கும் கரகரப்பும் இல்லை. பேஸ், ட்ரெபிள் குமிழ்களைச் சற்றுக் கூட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆம்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள். கீழ்வீட்டுக்காரரை எழுப்புவது பெரும்பாலும் தரை வழியே இறங்கும் அதிர்வுதான். ஒலியும் உங்கள் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு நேராக வரும்.

டியூப்கள் மட்டும் முழு வேலையும் செய்துகொண்டிருக்கின்றன என்பதை மறக்கவேண்டாம். அறையில் கிசுகிசுப்பாகக் கேட்டாலும் அவற்றுக்கு அது கச்சேரி மேடைதான். முன்பைவிடச் சீக்கிரம் தேயும். ஒரு ஜோடி 6வி6 வாங்கி அலமாரியில் போட்டு வையுங்கள்.