பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் கேம் ஆட வேண்டுமா, முதலில் மூடியைக் கழற்றுங்கள்

கிராஃபிக்ஸ் கார்டை வாங்கி வந்த பிறகு கேபினெட்டைத் திறந்து பார்த்த ஆள் நான். என்னுடையது ஒல்லி பெட்டி, கார்டோ முழு உயரம். கார்டின் இரும்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, மூடியே போடாமல் இரண்டு மாதம் ஓட்டினேன், வீட்டுத் தூசி மொத்தமும் உள்ளேதான். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: ப்ராசசர் எந்தத் தலைமுறை, பவர் சப்ளை எத்தனை வாட்ஸ், கார்டு உட்கார எவ்வளவு இடம்.

இன்டெல்லில் நான்காம் தலைமுறைக்குக் கீழே என்றால் அதில் காசு போடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 என்ற கணக்குக் கட்டளைத் தொகுப்பு கிடையாது, அது இல்லாமல் புது கேம்கள் சில திறக்கவே திறக்காது. ஆபீஸ்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரிப் பெட்டி, உள்ளே ஐ5-4590 இருந்தால் போதும், நாலு கோர், 84 வாட்ஸ், தாராளமாக ஆடலாம். அதை ஐ7-4770 ஆக மாற்றலாமா என்று கை அரிக்கும், அந்தக் காசைக் கார்டுக்கு வையுங்கள்.

அடுத்து பவர் சப்ளை, பலபேர் சறுக்குவது இங்கேதான். டவர் மாடல் 9020-இல் 290 வாட்ஸ்தான் இருக்கும். பெரிதாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பினால், டெல் மதர்போர்டில் 8 பின் சாக்கெட், கடையில் கிடைப்பதில் 24 பின், நடுவில் தனியாக ஒரு கன்வெர்ட்டர் கேபிள் தேட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் கார்டு. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட்ஸ், ஜிடிஎக்ஸ் 1650 அதற்குள் ஓடிவிடும். ஆனால் அதிலேயே பவர் சப்ளையிலிருந்து தனியாக 6 பின் கேபிள் கேட்கும் மாடல்களும் உண்டு, கார்டின் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒல்லி பெட்டிக்காரர்கள் லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டு என்று கேட்க வேண்டும். அதற்கு முந்தைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அந்தத் தலைமுறைக்கு என்விடியா புது கேம் டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-ஐ யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள், போர்டோடு டேட்டா போய்வர அதற்கு நாலு லேன்தான் (பாதைதான்), பழைய போர்டில் வேகம் நன்றாகவே அடிவாங்கும்.

சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குவதாக இருந்தால் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பெயரும் மெமரியும் சரியா என்று பாருங்கள், பழைய கார்டுக்குள் வேறு பெயரை ஏற்றி விற்கும் வேலையெல்லாம் நடக்கிறது. கார்டை முழுசாக வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும், கோடு விழுந்தாலோ திரை கறுத்தாலோ கையைக் கழுவிவிட்டு வாருங்கள். ஓட்டிக் காட்ட முடியாது என்று சொல்லும் கடையில் பேரம் பேசுவதே வீண்.

ராம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள், ஒரே குச்சியாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும் டூயல் சேனல் வேகம் கிடைக்காது. டிடிஆர்3 சர்வர் ராம் என்று ரொம்ப மலிவாகத் தருவார்கள், அது இந்தப் போர்டில் ஓடாது. ஹார்ட் டிஸ்க்கைப் பழைய படங்களுக்கு விட்டுவிட்டு விண்டோஸையும் கேமையும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியில் போடுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) இதனால் ஏறாது, ஆனால் மேப் லோட் ஆவதற்குள் டீ போட்டுக் குடிக்கலாம் என்ற நிலை மாறும்.

பெட்டி திறந்திருக்கும்போதே தூசியை ஊதிவிட்டு, ப்ராசசர் மேலே காய்ந்து கிடக்கும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். மே மாதத்தில் இதன் அருமை தெரியும்.

விண்டோஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். இந்த ப்ராசசருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஸ்டீமில் தனியாக ஆடும் கேம்தான் என்றால் லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கேமை அதில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஆடிப் பாருங்கள், நிறைய ஓடுகிறது. வேலரன்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு அந்த வழி இல்லை, அது லினக்ஸில் ஓடாது.

எல்லாம் மாட்டி ஆன் செய்தால் திரை கறுப்பாக இருக்கிறதா? மானிட்டர் கேபிளைப் பழக்க தோஷத்தில் மதர்போர்டிலேயே செருகியிருப்பீர்கள், கீழே இருக்கும் கார்டில் செருகுங்கள். பழைய விஜிஏ மானிட்டர் என்றால் 1650-இல் அந்த ஓட்டையே இருக்காது, கார்டோடு சேர்த்து ஒரு எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டரும் வாங்கி வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு நடை.