கடைசி ஐந்து நிமிடத்தில் கவிழும் கொலைக்கதை: எபிசோடு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடக்கணக்கில் ஓடும் துப்பறியும் தொடரில் ஒரு எபிசோடு சப்பென்று முடிந்தால் பழி நடிகர்கள் மேல் விழும். கோளாறு பெரும்பாலும் எழுத்தில்தான் இருக்கும். மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருந்துகொண்டு அந்தேரி ஸ்டுடியோக்களுக்கு க்ரைம் கதை எழுதும் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

கொலையாளியைத் தாமதமாகக் கொண்டுவராதீர்கள். டிவியில் ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. டைட்டில், முன்கதைச் சுருக்கம் எல்லாம் போனால் கதைக்குக் கிடைப்பது 45 நிமிடம்தான். முதல் ஐந்து நிமிடத்துக்குள் பிணம் கிடைத்துவிட வேண்டும். முதல் விளம்பர இடைவேளைக்கு முன்பே கொலையாளி வேறு ஏதோ வேலையாக வந்து நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். 40-வது நிமிடத்தில் "செத்தவருக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்று ஆரம்பித்தால் பார்ப்பவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

துப்பை ஒளித்துவைப்பது இதைவிட மோசம். துப்பு திரையில் வெளிப்படையாக வர வேண்டும். அதன் பொருள் மட்டும்தான் பிடிபடாமல் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, மருமகன் சொல்கிறான்: "ஒன்பதரைக்கு சிஎஸ்எம்டியில கல்யாண் ஃபாஸ்ட் பிடிச்சேன், மாட்டுங்கால இறங்கி நேரா மாமா வீட்டுக்கு வந்தேன்." சிஎஸ்எம்டி என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து கிளம்பும் ஃபாஸ்ட் லோக்கல் ரயில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது; தாதரில் நிற்கும், மாட்டுங்காவில் நிற்காது. மும்பைக்காரர் காதில் இது சட்டென்று உறுத்தும். அதனால் மாமி அழுதுகொண்டிருக்க, காபி டம்ளர் கைமாறுகிற நேரத்தில், போகிற போக்கில் அவன் சொல்லிவிட்டுப் போகட்டும். வெளியூர் ரசிகருக்காக இருபது நிமிடம் கழித்து இன்னொரு பாத்திரம் மாட்டுங்கா போக ஸ்லோ வண்டிக்குக் காத்து நிற்பதைக் காட்டுங்கள். பிளாட்பாரம் இண்டிகேட்டரில் ஸ்லோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்து தெரிந்தால் போதும். கதை நடக்கும் நாள் மட்டும் ஞாயிறாக இருக்கக் கூடாது. தண்டவாளப் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று ஃபாஸ்ட் வண்டிகளை ஸ்லோ தடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நிற்கிற ஸ்டேஷன்களும் மாறிவிடும், துப்பு அங்கேயே செத்துப்போகும்.

தடயவியலில் அவசரம் காட்டாதீர்கள். குளோரோஃபார்ம் கைக்குட்டை ஒரு நொடியில் யாரையும் சாய்க்காது, சில நிமிடங்களாவது ஆகும். "இரவு 10.17-க்கு இறந்தார்" என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். உடல் விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் தாடைப் பக்கம் தெரியத் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் முழுதாகப் பரவும். மும்பை வெக்கையில் சீக்கிரம் வந்து சீக்கிரமே தளர்ந்துவிடும். கொலையாளி ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனால் கணக்கு குழம்பும். அதையே துப்பாக்கலாமே!

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். இன்ஸ்பெக்டர் ஓங்கி ஓர் அறை விடுகிறார், குற்றவாளி "ஆமாம், நான்தான்" என்று அழுகிறான், படம் முடிகிறது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் காவலில் இருப்பவன் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட அளவுக்கு அவன் சொன்னதைச் சாட்சியமாக எடுக்கலாம். எனவே முடிவுக் காட்சியைக் கன்னத்து அறையோடு முடிக்காமல், கொலைக் கத்தி கிடைப்பதோடு முடியுங்கள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனே கை நீட்டிக் காட்டட்டும். கொலை 1 ஜூலை 2024 அன்றோ அதற்குப் பிறகோ நடப்பதானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 103, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 அல்ல. 2019-இல் நடக்கும் கதைக்கு 302 தான் சரி.

தொடர் பழகிப்போன ரசிகருக்கு உங்கள் வித்தைகள் அத்தனையும் தெரியும். கெஸ்ட் நடிகர்களில் பிரபலமானவர்தான் கொலையாளி, முதலில் கைதானவர் நிரபராதி என்று பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுவார். தெரிந்த முகங்கள் இரண்டு பேரையாவது போடச் சொல்லுங்கள். புதுமை வேண்டும்தான். 1998-இல் தொடங்கிய 'சிஐடி' என்ற இந்தி துப்பறியும் தொடர் 2004-இல் 111 நிமிட எபிசோடை ஒரே ஷாட்டில் எடுத்தது. அதுபோல எடுக்கும் முறையில் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள், துப்பில் மட்டும் ஏமாற்றாதீர்கள்.

எழுதி முடித்ததும் கடைசி ஐந்து பக்கத்தைப் பிய்த்துவிட்டு, கதை தெரியாத மூன்று பேரிடம் கொடுங்கள். கொலையாளி யார் என்று மூவரும் சரியாகச் சொன்னால் துப்பு துருத்திக்கொண்டிருக்கிறது. ஒருவருமே சொல்லவில்லை என்றால் முடிவைப் படிக்கக் கொடுத்து, எந்தெந்தப் பக்கத்தில் துப்பு இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அவர்களால் காட்ட முடியாவிட்டால் எபிசோடைத் திரும்ப எழுதுங்கள்.