எந்த ஏர்லைனில் சேர்வது: பைலட் தம்பிகள் செய்யும் தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வர்ஜீனியா விமான நிலையத்தில் ஒரு பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். டர்பனில் நம் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன். போட்ஸ்வானாவின் மௌனில் இரண்டு வருஷம் செஸ்னா ஓட்டி, ஒக்கவாங்கோ முகாம்களுக்குச் சுற்றுலாப் பயணிகளை இறக்கி ஏற்றி பறந்த மணிக்கணக்கைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறான். முதல் ஏர்லைன் ஆஃபர் கையில். "அங்கிள், ஜெட்! 737!" என்றான். ஒப்பந்தத்தைப் படித்தாயா என்று கேட்டேன்.

"சம்பளம் பார்த்தேன் அங்கிள்."

அதே பதிலை 2011-இல் என் அப்பாவிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லாக்புக்கை ஒழுங்காக எழுது, மெடிக்கல் காலாவதியாக விடாதே, இன்டர்வியூவுக்கு நேரத்தோடு போ என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவன் இந்தத் தொழில் பக்கமே வந்திருக்க மாட்டான்.

விமானத்தைப் பார்த்து மயங்குவது

ஜெட்டின் வலது சீட்டில் ஐந்து வருஷம் உட்கார்ந்தால் ஐந்து வருஷமும் கோ-பைலட் மணிதான் ஏறும். அதே நேரத்தில் சின்ன டர்போப்ராப்பில் (விசிறி வைத்த விமானத்தில்) சீக்கிரம் கேப்டனானவனுக்கு கமாண்ட் மணி, அதாவது கேப்டனாகப் பறந்த மணி, ஏறிக்கொண்டே போகும். ஏர்லைன் கேப்டனாவதற்கான உரிமமான ஏடிபிஎல்-க்கு மொத்தம் 1,500 மணி வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிறகு வேலை தேடும்போது அதில் கமாண்ட் எவ்வளவு என்று கேட்பார்களே, அதை யாரும் நினைப்பதில்லை. கேரவன், பீச் 1900 மாதிரி சின்ன விமானம் ஓட்டுகிறவனைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். உங்களுக்கு முன்னால் அவன் கேப்டனின் இடது சீட்டுக்குப் போய்விடுவான்.

பழைய பெயர், பெரிய பெயர்

இந்த நாட்டு ஏர்லைன்களையே பாருங்கள். நேஷன்வைட் 2008-இல் நின்றது, ஒன்டைம் 2012-இல். எஸ்ஏஏ (சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ்) 2019 டிசம்பரில் பிசினஸ் ரெஸ்க்யூ என்ற, நொடித்த கம்பெனியை மீட்கும் சட்ட ஏற்பாட்டுக்குப் போய், 2021 செப்டம்பரில்தான் திரும்பப் பறந்தது. மாங்கோ 2021-இல் நின்றது. 1946 முதல் பறந்துகொண்டிருந்த கோம்ஏர் 2022-இல் மூடப்பட்டது. பெயரை நம்பி இந்த நாட்டில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஒரு கம்பெனிக்கு மூச்சு வாங்குகிறதா என்று தெரிய வருடாந்திர அறிக்கை வேண்டாம். எரிபொருள் வண்டிக்காரர் குழாயை மாட்டாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பணம் வந்து சேர்ந்ததா என்று ஆபீஸைக் கேட்டபடி நிற்கிறாரா பாருங்கள். நிற்கிறார் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பாண்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

டைப் ரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி; அதன் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு நீங்கள் இத்தனை வருஷம் இருப்பேன், போனால் பணத்தைக் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பீர்கள். அதுதான் பாண்ட். நியாயமான ஏற்பாடுதான். செலவழித்தவன் கேட்கத்தான் செய்வான். கோளாறு முழுக்க உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வரிகளில்.

நான் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் கணக்கு கையெழுத்திலிருந்து தொடங்கவில்லை, லைன் செக் என்ற, பயணிகளோடு பறந்து காட்டும் கடைசித் தேர்வு முடிந்த நாளிலிருந்து. சிமுலேட்டர் நேரம் கிடைக்கவில்லை, பயிற்சி கேப்டன் லீவில் போய்விட்டார் என்று இழுத்து லைன் செக் முடியும்போது நவம்பர். ஒன்பது மாதம் கணக்கிலேயே வரவில்லை. 2013-இல் வேறு ரக விமானத்துக்கு மாற்றினார்கள். சந்தோஷமாகப் போனேன். அதற்கு ஒரு இரண்டு வருஷ பாண்ட். அது பழையதோடு சேர்ந்து ஓடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பழையது முடிந்த பிறகுதான் தொடங்கும் என்று எழுதியிருந்தது. ஆக 2016 நவம்பர் வரை நான் அவர்கள் ஆள்.

2015 மார்ச்சில் இன்னொரு ஏர்லைன் கூப்பிட்டது. ஏப்ரல் பேட்ச். ஒரு பாண்ட் முடிந்துவிட்டது, மிச்சம் கொஞ்சம்தான் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் பிரிவுக்குப் போனேன். அந்த அம்மா தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். இரண்டாவது பாண்ட் மாதாமாதம் குறையாது. கடைசி நாள் வரை முழுத்தொகை. 3,80,000 ராண்ட். சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ள என் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டாமா என்று கொஞ்சம் துள்ளினேன். அதுவும் அதே தாளில், என் கையெழுத்தோடு இருந்தது. அதற்குக் கீழே ஜாமீன்தாரர் என்ற இடத்தில் அப்பாவின் தமிழ்க் கையெழுத்து. கும்பகோணத்திலிருந்து கோயில் வேலைக்கு வந்தவர் அவர். ஜாமீனாக நின்றது, அவர் இருபது வருஷம் கடன் கட்டி மீட்ட வீடு. அதை வைத்துச் சூதாட எனக்கு மனம் வரவில்லை.

போகவில்லை. என்னோடு மௌனில் ஒரே அறையில் இருந்த நண்பன் ஏப்ரலில் சேர்ந்தான். நான் பாண்ட் முடித்து 2016 நவம்பர் பேட்சில் போய்ச் சேர்ந்தேன். சீனியாரிட்டி பட்டியலில் அவன் 41, நான் 87. ஏர்லைனில் அந்த எண்தான் உங்கள் ஜாதகம். எப்போது கேப்டன், எந்த பேஸ் (எந்த ஊரிலிருந்து பறப்பது), தீபாவளிக்கு யார் வீட்டில் என்று எல்லாமே அதை வைத்துத்தான். எத்தனை திறமைசாலியானாலும் 86 பேருக்குப் பின்னால்தான்.

2020 மார்ச் 26-ஆம் தேதி நாட்டையே பூட்டினார்கள். விமானங்கள் நின்றன. சில மாதத்தில் ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்தது. கடைசியில் வந்தவன் முதலில் வெளியே. கோடு 70-இல் விழுந்தது.

பதினான்கு மாதம் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மாமா கடையில் மிளகாய்த்தூள் நிறுத்துக் கொடுத்தேன். மாமா நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள்தான், "கேப்டன், அரை கிலோ போடுங்க" என்பார்கள். நான் கேப்டனே ஆகவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

ஆகவே தாள் கைக்கு வந்ததும் சம்பளப் பக்கத்தைத் தாண்டுங்கள். கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது, தொகை மாதத்துக்கு மாதம் குறைகிறதா, அடுத்த பாண்ட் வந்தால் இதோடு சேர்ந்து ஓடுமா இல்லை வரிசையில் நிற்குமா என்று தேடுங்கள். கம்பெனியே உங்களை அனுப்பினால் பாண்ட் செத்துவிடுகிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் "அதெல்லாம் கேட்கமாட்டோம் தம்பி" என்பார்கள். சொன்னவர் அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இருப்பார். பெற்றோரிடம் ஜாமீன் கேட்டால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். வக்கீல் கட்டணம் மிஞ்சிப்போனால் ஒரு வார இறுதிச் செலவு.

பேஸ் எங்கே என்று கேட்காதது

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் ஒரு மணி நேரப் பறப்புதானே, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பார்கள். ஊழியர் டிக்கெட் என்பது காலி சீட்டு இருந்தால்தான். வெள்ளிக்கிழமை மாலை டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்துக்குப் போகும் விமானத்தில் காலி சீட்டு தேடிப் பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், வான் ரீனன் கணவாயில் பனிமூட்டத்துக்குள் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கை மட்டும் நம்பி ஓட்டியிருக்கிறேன். மகளின் முதல் கரகம் அப்படித்தான் தவறிப்போனது. பேஸ் எங்கேயோ வீடும் அங்கே. முடியாது என்றால் சேராதீர்கள்.

வளைகுடாவின் வரியில்லாச் சம்பளம்

அங்கே வரியில்லை, சரி. நீங்கள் இன்னும் தென்னாப்பிரிக்காவின் வரிக்குடியாக இருந்தால் 2020 மார்ச் முதல் வெளிநாட்டுச் சம்பளத்தில் 12.5 லட்சம் ராண்ட் வரைதான் வரிவிலக்கு, அதற்கு மேல் இங்கே வரி கட்ட வேண்டும். அந்த விலக்குக்கும் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்க வேண்டும், அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக. லீவு கிடைத்தபோதெல்லாம் அம்மா சமையலுக்கு ஓடிவருகிற பைலட்டுக்கு அந்தத் தொடர்ச்சியான 60 நாள்தான் இடிக்கும்.

யூனிஃபார்ம்

எல்லாக் கம்பெனியிலும் வேர்க்கும்.

யாரிடம் விசாரிப்பது

பயிற்சிப் பள்ளியிடம் வேண்டாம். அந்த ஏர்லைனில் சேர்ந்து இரண்டு வருஷமான ஃபர்ஸ்ட் ஆபீஸரிடம் (கோ-பைலட்டிடம்), அதுவும் அன்றைய நாலாவது பறப்பை முடித்துவிட்டு வரும்போது.

சாட்ஸ்வொர்த் பையன் அன்று ராத்திரியே ஒப்பந்தத்தின் பதினோராவது பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். முழுத்தொகை, கடைசி நாள் வரை. என் தாளின் அச்சு நகல் மாதிரி. கேட்டுப் பார் என்றேன். பயந்து பயந்து கேட்டிருக்கிறான். மாதக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள்; தொடங்கும் தேதியை மட்டும் மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் இடத்தில் நானும் போட்டிருப்பேன்.