சவ்வூடு பரவலில் நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

இரத்தச் சிவப்பணுவுக்குள் கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 300 மில்லிமோல் (மோல் என்பது எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). அதே 300 மில்லிமோலில் ஒரு யூரியாக் கரைசல் செய்து, அதில் சிவப்பணுக்களைப் போட்டால் என்ன ஆகும்? ‘இரண்டு பக்கமும் ஒரே செறிவு, அதனால் ஒன்றும் ஆகாது’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எழுதினேன். உண்மையில், கொஞ்ச நேரத்திலேயே அணுக்கள் உப்பி வெடித்து, கலங்கலாக இருந்த கரைசல் தெளிந்த சிவப்பாகிவிடும்.

யூரியா சிவப்பணுவின் சவ்வைச் சுலபமாகக் கடந்துவிடும் என்பதுதான் காரணம். வெளியே இருந்தது உள்ளேயும் புக, உள்ளே துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது, நீரும் பின்னாலேயே போகிறது. சவ்வின் வழியே நீர் இப்படி நகர்வதுதான் சவ்வூடு பரவல். கடக்க முடியாமல் நிற்பவை செல்லுக்குள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே அந்தச் சவ்வுக்கு, 300 மில்லிமோல் யூரியாவும் வெறும் தண்ணீரும் கடைசியில் ஒன்றுதான்.

‘எந்தப் பக்கம் செறிவு அதிகம்?’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். கேட்க வேண்டியது, ‘சவ்வைத் தாண்ட முடியாத துகள்கள் எந்தப் பக்கம் அதிகம்?’ என்று. இந்தக் கேள்வியை விட்டுவிடுவதிலிருந்துதான் சவ்வூடு பரவலைப் பற்றிய பல தவறுகள் கிளைக்கின்றன.

நாம் வைத்திருக்கும் பெயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஐசோடானிக் கரைசலைத் தமிழில் ‘ஒத்த செறிவுக் கரைசல்’ என்று எழுதுகிறோம். ஆனால் டானிக் என்ற அந்தப் பின்பாதி செறிவைச் சொல்லவில்லை. அந்தக் கரைசலில் போட்ட செல் கடைசியில் உப்புமா, சுருங்குமா, அப்படியே இருக்குமா என்பதைத்தான் சொல்கிறது. அந்த யூரியாக் கரைசல் ஒத்த செறிவு கொண்டது, ஆனால் ஐசோடானிக் அல்ல. ஹைப்பர்டானிக் (செல்லைச் சுருக்குவது), ஹைப்போடானிக் (செல்லை உப்பவைப்பது) என்ற சொற்களையும் தனியாக எழுதிவிட்டுப் போகக்கூடாது. எதோடு ஒப்பிட்டு என்று சொல்ல வேண்டும். கடல்நீர் நம் செல்களுக்கு ஹைப்பர்டானிக். முதுகெலும்பில்லாத கடல் உயிரிகள் பலவற்றின் உடல்நீரோ கடல்நீருக்குக் கிட்டத்தட்ட சமமானது.

கிராமை எண்ணுவது

அடுத்த சறுக்கல் கணக்கில். 0.9% உப்புக் கரைசலையும் 5% குளுக்கோஸ் கரைசலையும், இரண்டு கரைபொருளையும் விடாத ஒரு சவ்வின் இரு பக்கமும் வைத்தால் நீர் எங்கே போகும்? 5 பெரிது, 0.9 சிறிது, அதனால் குளுக்கோஸ் பக்கம் என்று சொல்லத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது 154 மில்லிமோல். நீரில் அது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிவதால் துகள்கள் 308. லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் என்பது 278 மில்லிமோல்தான், அது பிரியவும் செய்யாது. இரண்டும் ஏறத்தாழச் சமம். நீர் நகர்ந்தாலும் உப்பின் பக்கமே கொஞ்சம் நகரும்.

சவ்வூடு பரவலுக்கு எடை தெரியாது, தலையெண்ணிக்கைதான் தெரியும். சிவப்பணுவே இதற்கு நல்ல சாட்சி. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹீமோகுளோபின். ஆனால் அந்த மூலக்கூறு மிகப் பெரியது என்பதால், எண்ணிக்கையில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லிமோல் மட்டுமே தேறும். மிச்சத்தின் பெரும்பகுதி பொட்டாசியம், குளோரைடு போன்ற சின்னச் சின்ன அயனிகள். தாவரவியலாளர் பிஃபெஃபர் 1877-இல் வெளியிட்ட சவ்வூடு பரவல் அழுத்த அளவீடுகளை வைத்துக்கொண்டு இந்த எண்ணிக்கைக் கணக்கைச் சமன்பாடாக்கியவர் வேதியியலாளர் வாண்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901-இல், அவருக்குத்தான் போனது.

குளுக்கோஸ் கரைசலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரத்தத்தில் ஏற்றுவதற்கான பையில் இருக்கும்போது அது இரத்தத்துக்கு ஐசோடானிக். உடலுக்குள் போனதும் செல்கள் குளுக்கோஸை எடுத்துப் பயன்படுத்திவிடும், நீர் மட்டும் மிஞ்சும். அதனால் மருத்துவர்கள் அதை உப்புக் கரைசலுக்குச் சமமாக நினைப்பதில்லை.

நீர் ‘அதிகமாக’ இருக்கிறதா?

‘நீரின் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு’ என்ற வரையறையை முதல் வகுப்பில் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளலாம். அதையே விளக்கமாக எடுத்துக்கொண்டால் இடிக்கும். தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 55.5 மோல் நீர் இருக்கிறது. 0.9% உப்பு அதைக் குறைப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் அந்த உப்பால் எழக்கூடிய அழுத்தம் உடல் வெப்பநிலையில் 7 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். அவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய தள்ளல். அதனால்தான் தாவரவியலில் நீரின் செறிவை விட்டுவிட்டு, நீரியல் திறன் என்று பேசுகிறார்கள். நீர் அது அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போகும். கரைபொருள் அதைக் குறைக்கும், அழுத்தம் அதைக் கூட்டும்.

இது பிடிபட்டால் இன்னொரு பொய்யும் உதிர்ந்துவிடும்: ‘இரண்டு பக்கமும் செறிவு சமமாகும்வரை நீர் நகரும்’ என்பது. தாவர செல்லைத் தூய நீரில் போடுங்கள். வெளியே கரைபொருளே இல்லை. உள்ளே எவ்வளவு நீர் புகுந்தாலும் செறிவு பூச்சியம் ஆகப் போவதில்லை. அப்படியானால் நீர் முடிவில்லாமல் புகுந்துகொண்டே இருக்க வேண்டுமே? இருக்காது. செல்சுவர் இறுகி எதிர்த்துத் தள்ளும். எடுத்துக்காட்டுக்கு, உள்ளே கரைபொருளால் வரும் திறன் மைனஸ் 0.7 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்றால், சுவர் எதிர்த்துத் தள்ளுவதால் வரும் விறைப்பு அழுத்தம் பிளஸ் 0.7 ஆகும்போது கூட்டுத்தொகை பூச்சியம். வெளியே தூய நீருக்கும் பூச்சியம். நிகர நகர்வு அங்கே நிற்கிறது, செறிவு மட்டும் சமமாகவே இல்லை. தூய நீரில் தாவர செல் ‘வெடித்துவிடும்’ என்று எழுதுவதும் இதே இடத்தில் பிறக்கும் தவறுதான். சுவர் இல்லாத சிவப்பணுதான் வெடிக்கும்.

நிகர நகர்வு என்று சொன்னேன் அல்லவா? அந்த ‘நிகர’ முக்கியம். சமநிலையில் நீர் அசையாமல் நிற்பதில்லை. ஒரு சிவப்பணுவின் பருமனைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு நீர், ஒவ்வொரு நொடியும் அதன் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. அதே அளவு வெளியேயும் வருகிறது. இதற்கு உதவுவது அக்குவாபோரின் என்ற புரத வாய்க்கால். பீட்டர் ஆக்ரியின் குழு 1992-இல் அதன் வேலையை நிரூபித்தது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு வாய்க்கால் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகலாம்.

உடனே ‘அக்குவாபோரின் நீரை இறைக்கிறது’ என்று எழுதிவிட வேண்டாம். அது திறந்து கிடக்கும் வழி, பம்பு அல்ல. செல்கள் அயனிகளைத்தான் ஆற்றல் செலவழித்து நகர்த்துகின்றன, நீர் அவற்றின் பின்னால் போகிறது. சோடியம்-பொட்டாசியம் பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். அந்தப் பம்பை நிறுத்திவிட்டால் விலங்கு செல் மெல்ல உப்பத் தொடங்கும். நன்னீரில் வாழும் ஒருசெல் உயிரியான பாரமீசியத்தின் சுருங்கும் நுண்குமிழ்ப்பை ஆற்றலைச் செலவிடுகிறதே என்று கேட்கலாம். நீர் உள்ளே வர ஆற்றல் தேவைப்படவில்லை. வந்ததை வெளியேற்றத்தான் அந்தச் செலவு.

சிதையாத ‘சிதைவு’

பிளாஸ்மா சிதைவு என்ற பெயர் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. எதுவும் சிதைவதில்லை. அடர்ந்த உப்புக் கரைசலில் தாவர செல் நீரை இழக்கிறது, செல்சவ்வு சுவரிலிருந்து விலகிச் சுருங்குகிறது, அவ்வளவுதான். சீக்கிரம் நீரில் திருப்பிப் போட்டால் பழையபடி விறைக்கும். பெயரை வைத்து ‘செல் அழிந்துவிட்டது’ என்று எழுதுபவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. சிவப்பணு சுருங்குவதற்கும் இதே பெயரை வைப்பது வேறு தவறு. விலகுவதற்கு அங்கே சுவரே கிடையாது.

இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்கலாம்: சுவருக்கும் விலகிய சவ்வுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? காற்று, வெற்றிடம், செல்லிலிருந்து வந்த தூய நீர் என்று விதவிதமாகப் பதில் வரும். இருப்பது வெளியே நாம் ஊற்றிய அதே உப்புக் கரைசல். செல்சுவர் நீரையும் உப்பையும் தடையில்லாமல் விடும். தேர்ந்தெடுத்து விடுவது சவ்வின் வேலை.

சவ்வூடு பரவல் அல்லாதவை

சவ்வைத் தாண்டுவதெல்லாம் சவ்வூடு பரவல் அல்ல. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சவ்வைக் கடப்பது வெறும் பரவல். காய்ந்த விதை நீரில் ஊறத் தொடங்குவது உள்ளீர்த்தல். வேர்த்தூவிக்குள் நீர் நுழைவது சவ்வூடு பரவல்தான், ஆனால் தண்டில் நீரைக் கடத்தும் சைலக் குழாயில் உயரமாக ஏறுவதற்கு முதன்மைக் காரணம் இலைகளில் நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசை.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது விரல் சுருக்கம். வெகுநேரம் தண்ணீரில் இருந்தால் விரல் நுனிகள் சுருங்குவது, தோல் நீரை உறிஞ்சி உப்புவதால் என்று நானே பலரிடம் விளக்கியிருக்கிறேன். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு, அந்த விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை. வெறும் சவ்வூடு பரவலாக இருந்தால் நரம்பைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும்? நரம்புகள் விரல் நுனியின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால்தான் தோல் உள்ளே இழுபட்டு மடிகிறது.

உருளைக்கிழங்குத் துண்டுச் சோதனை செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எடை போடுவதற்கு முன் மேலே ஒட்டிய நீரை எல்லாத் துண்டுகளிலும் ஒரே மாதிரி ஒற்றி எடுங்கள். முடிவைக் கிராமில் எழுதாமல், தொடக்க எடையில் எத்தனை சதவீத மாற்றம் என்று எழுதுங்கள். ஒரே அளவில் துண்டு நறுக்க யாராலும் முடியாது. வேகவைத்த கிழங்கில் இதே முடிவை எதிர்பார்க்க வேண்டாம். வெப்பத்தில் சவ்வுகள் கெட்டுப்போயிருக்கும்.

சரி, தொடங்கிய யூரியாவுக்கே ஒருமுறை திரும்புவோம். 0.9% உப்புக் கரைசலில் கூடுதலாக 300 மில்லிமோல் யூரியாவைக் கலந்து, அதில் சிவப்பணுவைப் போடுகிறோம். இப்போது வெளியே துகள்கள் 600-ஐத் தாண்டிவிட்டன, உள்ளே 300. செறிவை மட்டும் பார்த்தால் அணு சுருங்கியே கிடக்க வேண்டும். கணப்பொழுது சுருங்கவும் செய்யும். அப்புறம் யூரியா உள்ளே புகுந்து இரண்டு பக்கமும் சமமாகிவிடும், தாண்ட முடியாத உப்பு மட்டும் வெளியே நின்று உள்ளிருப்பவற்றைச் சமன் செய்யும், அணு பழைய அளவுக்கே திரும்பிவிடும்.