ஊழியம் ஒரு சபையில், பெயர் ஒரு சபையில்

கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் சபை மூப்பர் ஒருவர் செந்தூல் சபையில் பொறுப்பேற்றாலும் அவர் பெயரை நான் எங்கள் உறுப்பினர் ஏட்டிலிருந்து எடுப்பதில்லை. ஞானஸ்நானம், திருமணப் பதிவுகள் தாய்ச்சபையிலேயே இருக்கட்டும். ஓரத்தில் பொறுப்பு, சபை, தொடங்கிய தேதி குறித்தால் போதும். செந்தூல் செயலாளர் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். அங்கேயும் உறுப்பினர் கணக்கில் சேர்த்தால் ஆண்டறிக்கையில் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

பெயர்தான் பெரிய சிக்கல். மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டுத் தகப்பன் பெயரோடு ஒன்று, ஞானஸ்நானப் பதிவில் சாமுவேல், கூப்பிடுவது சாம் அண்ணன். மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். மைகாட் எண்ணை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதல் 6 இலக்கமே பிறந்த தேதி. அப்புறம், பொறுப்பு முடிந்த அன்றே இரண்டு ஏட்டிலும் தேதி போட்டுவிடுங்கள்.